நண்டோடையில் பதினோரு குழி

வேண்டாவின் இடது காது போனது ஐப்பசி மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். அடித்தவன் கூடப்பிறந்த தம்பி ஜெகதீசன். வெறும் கைதான். ஆனால் பதினெட்டு வருஷமாக டிராக்டர் ஸ்டீரிங் பிடித்துக் காய்த்துப்போன கை. ஒரே அறை. அவள் அடுப்பங்கரைச் சுவரில் மோதிக் கீழே உட்கார்ந்தாள். காதுக்குள் ஏதோ பட்டென்று கிழிந்தது. கொஞ்ச நேரம் சில்வண்டு கத்துவதுபோல ஓர் இரைச்சல். பிறகு அந்தப் பக்கத்தில் சத்தம் என்பதே இல்லை.

அவள் செய்த குற்றம் ஓடையில் கொம்பு நட்டது.

கொம்பு நட்டதற்கா ஒருத்தி காதை உடைப்பான் என்று கேட்டால், முதலில் ஓடையைச் சொல்ல வேண்டும். எலந்தமேடு அச்சரப்பாக்கத்துக்குக் கிழக்கே இருக்கிறது. ஊர் ஒரு கரையில், பஸ் ரோடு மறு கரையில், நடுவில் நண்டோடை. பாலம் கிடையாது. சுற்றிப் போனால் ஐந்து கிலோமீட்டர், இறங்கி நடந்தால் ஐந்து நிமிஷம். ஆகவே கம்பெனி வேனுக்குப் போகிற பெண்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், பால் கேன்காரர் என்று ஊர் மொத்தமும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கித்தான் நடக்கும். வெயில் காலத்தில் வெறும் மணல். மழைக்காலத்தில் முழங்கால், தொடை, சில நாள் இடுப்பு.

வேண்டா ராஜாராமுக்கு நாலாவது பெண். மூன்று பெண்ணுக்குப் பிறகு நாலாவதும் பெண் என்றதும் அந்தப் பேரை வைத்தார்கள். அந்தப் பக்கத்தில் அது வழக்கம். இனிப் பெண் வேண்டாம் சாமி என்று குழந்தையின் பேரிலேயே மனு எழுதிப் போட்டால் அடுத்தது ஆணாகப் பிறக்கும். மனு பலித்தது. நாலு வருஷத்தில் ஜெகதீசன் வந்தான். "பேரு வேல செஞ்சிச்சி பாத்தியா" என்று ஊரே சொன்னது. அவன் வளர்ந்தது இவள் இடுப்பில். ஐந்து வயதில் சண்டை போட்டால், "உன்ன வேணாம்னு சொல்லித்தான் என்னப் பெத்தாங்க" என்று சொல்லிவிட்டு அவள் இடுப்பிலேயே மறுபடி ஏறிக்கொள்வான்.

ஓடையை அவள் கற்றுக்கொண்டது கையால். கரையில் வளைக்குள் தோள்வரை கையை விட்டு நண்டு பிடிப்பாள். வளைக்குள் தண்ணீர் சில்லென்று இருந்து, வாயில் புதுச் சேறு இருந்தால் நண்டு. வாய் வழவழவென்று காய்ந்து, உள்ளே காற்று வெதுவெதுப்பாக வந்தால் கையை எடுத்துவிட வேண்டும். ஒருநாள் அவசரத்தில் எடுக்கவில்லை. கடித்தது தண்ணீர்ப்பாம்புதான். பத்து வயதுப் பெண் அழவில்லை. கையோடு தொங்கிய பாம்பை வெளியே இழுத்து, பாறையில் அதன் தலை கூழாகும்வரை அடித்தாள். கூட நின்ற பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். ஜெகதீசன் மட்டும் நின்று பார்த்தான். அவனுக்கு அது பிடித்திருந்தது.

பத்தொன்பது வயதில் மதுராந்தகத்தில் ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ஏழாம் வருஷம் ஜிஎஸ்டி ரோட்டில் லாரிக்கடியில் அவன் போனான். ஒரு பெண் குழந்தையோடு திரும்பி வந்தவளைத் தம்பி தன் மணல் வேலையில் சேர்த்துக்கொண்டான். அப்போது அவனிடம் ஒரு டிராக்டர். கடற்கரை ரோட்டில் ஓட்டலும் ரிசார்ட்டும் எழும்ப எழும்ப நண்டோடையின் மணலுக்குக் கிராக்கி ஏறியது. பெர்மிட் என்று ஒன்று எந்நாளும் இருந்ததில்லை. வேண்டா மண்வெட்டியால் வெட்டி, இரும்புச் சட்டியில் அள்ளி, டிப்பரில் கொட்டினாள். பதினாறு வருஷம். ஒரு இடத்தில் மணல் தீர்ந்து களிமண் தட்டினால் அடுத்த இடம். விட்டுவந்த இடமெல்லாம் குழி; கீழே ரெட்டைப் பனையிலிருந்து மேலே எண்ணினால் பதினொன்று. மழை வந்தால் தண்ணீர் எல்லாவற்றையும் ஒரே மட்டமாக மூடிவிடும்.

மழைக்காலத்தில் அவளுக்கு வேறொரு வேலையும் உண்டு. டிராக்டர் தண்ணீருக்குள் இறங்கும்போது அவள் முன்னே நடப்பாள். பாவாடையை இடுப்பில் தூக்கிச் செருகி, கையில் கடப்பாரையோடு, வெறுங்காலில். அவள் கால் வைத்த இடத்தில்தான் சக்கரம் வரும். நல்ல மணல் காலடியில் நெறுநெறுக்கும். அடியில் களி இருந்தால் சத்தமே இராது, வழுக்கும். குழி வருவதற்கு நாலடி முன்னாலேயே மணல் விரல் இடுக்கிலிருந்து நழுவத் தொடங்கும், யாரோ அடியிலிருந்து உருவுவதுபோல. சலசலத்து வரும் தண்ணீர் குழியின் மேலே வந்ததும் ஊமையாகிவிடும். பிறகு பெருவிரல் சில்லிடும். அங்கே நின்று கையைத் தூக்குவாள். டிராக்டர் நிற்கும்.

நடுவில் குனிந்து ஒரு வாய் அள்ளிக் கொப்பளித்துத் துப்புவாள். வயல் தண்ணீர் என்றால் உர மூட்டையின் கரிப்பு இருக்கும். அது கொஞ்ச நேரத்தில் வடிந்துவிடும். பாசி ருசி அடித்தால் மேலே ஏரி நிரம்பி வழிகிறது என்று அர்த்தம். அது இன்னும் ஏறும். "ஏரித் தண்ணிடா, திருப்பு" என்பாள். ஜெகதீசன் மறு பேச்சுப் பேசாமல் ரிவர்ஸ் போடுவான். அந்த ஒரு விஷயத்தில் அவள் சொல்லுக்கு அவன் எதிர்ச்சொல் சொன்னதில்லை.

போன கார்த்திகையில் திருவேங்கடம் செத்தார். ஆடு மேய்ப்பவர். நாற்பது வருஷமாக ஒரே தடத்தில் ஓடையைக் கடந்தவர். அன்றைக்கும் அதே தடத்தில்தான் இறங்கினார். இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் வடிந்தபோது ஏழாம் குழியில் கிடைத்தார். மணிக்கட்டில் ஆட்டுக் கயிறு, கயிற்றின் மறுமுனையில் ஊதிப்போன ஆடு. வாயும் மூக்கும் மணலால் அடைத்திருந்தது. கழுவுகிற பெண்கள் விரலை விட்டுத் தோண்டித் தோண்டி எடுத்தார்கள். வேண்டாவும் எடுத்தாள். வெள்ளையாக, கொஞ்சம் பருமனாக இருந்த மணல். எந்த மாதம் அந்தக் குழியை வெட்டினோம் என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. தை மாதம். பொங்கலுக்கு முந்தின வாரம்.

'கால் தவறி விழுந்து இறந்தார்' என்று போலீஸ்காரர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். ஊரில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. வேண்டாவும்தான்.

திறந்தவள் அவள் மகள் ஜோதிலட்சுமி. பி.காம். முடித்து மாமல்லபுரத்தில் ஓர் ஓட்டலில் ரிசப்ஷன் வேலை. காலை ஐந்தே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க, யூனிஃபார்ம் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தினமும் அதே ஓடையைத் தாண்டுகிறவள். இந்த ஐப்பசியில் முதல் மழை பெய்த அன்று சாயங்காலம், சாப்பிட உட்கார்ந்தவள் தட்டைத் தள்ளிவைத்தாள்.

"மா, நான் காலேஜ் போனது அந்தக் குழியாலதான?"

"இன்னாடி கேள்வி இது? சோத்தத் துன்னு."

"சொல்லு. ஏழாவது குழில வந்த கூலி என் பரீட்சைக்குப் போச்சா, இல்ல ரெண்டாவதா, மூணாவதா? அந்தத் தாத்தா செத்ததுல என் பங்கு எவ்ளோன்னு தெரிஞ்சிக்கணும் இல்ல?"

"உனுக்கு இன்னாடி பங்கு? நீயா வெட்டுன?"

"நீ வெட்டுன, நான் படிச்சேன். நாளைக்கு நானே அதுல வுழுந்தா கணக்கு நேராயிடுமா?"

வேண்டா அந்தத் தட்டை மூடி வைத்தாள். மறுநாள் விடிந்ததும் கொடுவாளை எடுத்துக்கொண்டு போனாள். வேலிகாத்தான் மரத்தில் ஆளுயரத்துக்கு மேலாகப் பதினோரு கொம்பு வெட்டினாள். முள் கிழித்துக் கையெல்லாம் ரத்தம். பழைய சிவப்புப் புடவையைக் கிழித்து ஒவ்வொரு கொம்பிலும் கட்டி, ஒவ்வொரு குழியின் ஓரத்திலும் கடப்பாரையால் ஓட்டை போட்டு நட்டாள். மதியத்துக்குள் முடிந்தது. ஊர்ப் பெண்கள் கரையில் நின்று பார்த்தார்கள். இத்தனை குழியா என்று ஒருத்தி வாயில் கைவைத்துக்கொண்டாள்.

ஜெகதீசன் வந்தபோது அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா யக்கா அது? ஓடைல கொடி கட்டி வச்சிக்கீற? மாநாடு எதுனா நடக்கப் போவுதா?"

"குழி கீதுன்னு தெரியணும்டா. சனங்க நடக்குது."

"சனங்களுக்கு ஒண்டிதான் தெரியுமா? மேலேந்து டிரோன் உட்றானுங்க இப்ப. ஒரு போட்டோ எடுத்தான்னா பதினோரு செகப்பு. இங்கதான் அள்னேன், இங்கதான் அள்னேன்னு நீயே கைய காட்டிக் குடுத்த மாதிரி. வண்டி போயிடும். நான் உள்ள போயிடுவேன். புரிதா?"

"திருவேங்கடம் போயிட்டாரே."

"அது ஆயுசு முடிஞ்ச கேசு. நீ போய்ப் புடுங்கிப் போடு. நான் புடுங்குனா கொம்ப மட்டும் புடுங்க மாட்டேன்."

"மாட்டேன்டா."

"இன்னா சொன்ன?"

"புடுங்க மாட்டேன். ஜோதி அதுலதான் போவுது."

அப்போது விழுந்த அறைதான் அது. உட்கார்ந்தவளின் தலைமயிரைப் பிடித்துத் தூக்கினான். சோற்றுப் பானை உருண்டு கஞ்சி அவள் முழங்காலில் ஊற்றியது. "வேணாம்னு பேர் வச்சும் அடங்க மாட்ற பாரு நீ" என்றான். போகிற வழியில் ஓடையில் இறங்கி ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். அன்று சாயங்காலம் அவன் வீட்டு வெந்நீர் அடுப்பில் பச்சைக் கொம்புகள் புகைந்தன. புகை இவள் வீடுவரை வந்தது.

காதிலிருந்து இரண்டு நாள் ரத்தமும் நீரும் வந்தது. மூன்றாம் நாள் ஜெகதீசனிடம் டிரைலர் வேலை பார்க்கும் மோகன் வந்து கூப்பிட்டான். "அண்ணன் வரச் சொல்லிச்சி யக்கா. தண்ணி கீது, முன்னால நடக்கணுமாம்."

"இனிமே நடக்க மாட்டேன்னு சொல்லு."

மோகன் போய்ச் சொன்னான். ஜெகதீசன் சிரித்தானாம். "அவ இல்லாட்டி ஓடை எனக்குத் தெரியாதா? நானும் இதே தண்ணில பொறந்தவன்தான்."

அடுத்த வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே மழை. மழை நாளில் எந்த ஆபீசரும் ஜீப்பை விட்டு இறங்க மாட்டான் என்பதால் பட்டப்பகலிலேயே வண்டி எடுப்பது ஜெகதீசன் வழக்கம். மறு கரை வளைவில் புது மணல் குவிந்திருந்தது. வேண்டா பத்து மணிக்குக் குடத்தோடு ஓடைக்குப் போனவள் பழக்கத்தில் ஒரு வாய் கொப்பளித்தாள். பாசி. நாக்கில் ஒட்டிக்கொண்டு போகவே இல்லை. வழியில் மோகனைப் பார்த்தபோது சொன்னாள்: "ஏரித் தண்ணி வந்துட்சி. இன்னிக்கு எறங்க வேணான்னு சொல்லு அவன்கிட்ட." அதையும் மோகன் போய்ச் சொன்னான். அதற்கும் ஜெகதீசன் சிரித்தானாம்.

மூன்று மணி வாக்கில் டிராக்டர் இறங்கும் சத்தம் கேட்டது. அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நல்ல காது ஓடைப் பக்கம் இருந்தது. எஞ்சின் தண்ணீருக்குள் கனத்து, உறுமி, இரண்டு தரம் இருமி, நின்றுபோனது. மறுபடி கிளம்பும் என்று காத்திருந்தாள். கிளம்பவில்லை. நின்னா நிக்கட்டும் என்று நினைத்தாள். அந்த முறத்து அரிசியைப் புடைத்து முடித்தாள். அதன் பிறகு இன்னொரு முறமும் அள்ளினாள். அந்த இரண்டாவது முறத்தைப் பற்றி அவள் பிற்பாடு யாரிடமும் பேசியதில்லை, ஜோதியிடம் தவிர.

மோகன் ஓடிவந்தபோது அவன் நெற்றி பிளந்து ரத்தம் மழையோடு வழிந்தது.

"யக்கா! வண்டி கவுந்துட்சி! அண்ணன் உள்ள கீது!"

"எங்கடா? எந்த எடம்?"

"தெர்ல யக்கா. நான் டிரைலர்லேந்து வுழுந்தேன். தண்ணி இட்டுகினு போய் ரெட்டப் பனையாண்ட தூக்கிப் போட்டுட்சி. திரும்பிப் பாத்தா ஒண்ணுமே இல்ல, வண்டியும் இல்ல, அண்ணனும் இல்ல."

அவள் கடப்பாரையை எடுத்தாள். "மாட்டுக் கயிறு எடுத்துகினு வா" என்றாள்.

ஓடை ஓடையாக இல்லை. இரண்டு கரையையும் கடித்துக்கொண்டு செம்மண் குழம்பாகப் போனது. முள்மரம் ஒன்று வேரோடு புரண்டு புரண்டு வந்தது. ஒரு நாய் செத்து மிதந்து போனது. மழையில் பத்தடிக்கு மேல் கண் தெரியவில்லை. ரெட்டைப் பனையிலிருந்து மேலே வளைவுவரை ஒரு பர்லாங்கு தூரம், அதற்குள் பதினோரு குழி. எங்கே கொம்பு நின்றது என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. தம்பி பேரைக் கூப்பிட்டாள். பதில் வந்திருந்தாலும் அந்த இரைச்சலில் ஒற்றைக் காதுக்குக் கேட்டிருக்காது.

ரெட்டைப் பனையில் இறங்கினாள். தண்ணீர் இடுப்பில் மோதி ஆளைச் சாய்த்தது. கடப்பாரையை ஊன்றி நின்று ஒரு வாய் அள்ளினாள். டீசல். தொண்டை எரிந்தது. அப்படியென்றால் வண்டி இதற்கு மேலேதான். கரையோரமாகவே கோரையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினாள். ஐம்பது அடிக்கு ஒரு தரம் வாயில் அள்ளித் துப்பினாள். டீசல். டீசல். மூக்கிலும் ஏறியது. கல் ஒன்று வந்து முழங்காலில் இடித்துத் தோலை உரித்துப்போனது. எட்டாம் குழிக்கு மேலே போனபோது வாயில் வெறும் பாசி. தாண்டி வந்துவிட்டாள்.

திரும்பினாள். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே, நடு ஓட்டத்துக்குள் இறங்கினாள். மணல் விரலிடுக்கில் நழுவியது. இன்னும் இரண்டு அடி. பெருவிரல் சில்லிட வேண்டிய இடம். சில்லிடவில்லை. வெதுவெதுப்பாக இருந்தது.

எஞ்சின் சூடு.

கடப்பாரை இரும்பில் இடித்தது. மேலே முள்ளும் கோரையும் சேர்ந்து ஒரு குப்பை மேடு தேங்கி நின்றது. அதைக் கிழித்துத் தள்ளினாள். குப்பைக்கு நடுவில் தம்பியின் முகம். முகம் மட்டும். தாடைவரை தண்ணீர். டிராக்டர் ஏழாம் குழிக்குள் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. அவன் ஸ்டீரிங்கைக் கட்டிக்கொண்டு எக்கி நின்றான்.

"யக்கா. கால் மாட்டிகிச்சி."

மோகன் கரை மரத்தில் கட்டி வீசிய கயிற்றை அவன் அக்குளில் சுற்றி முடிச்சுப் போட்டாள். மூச்சை அடக்கிக் கீழே போனாள். கண்ணைத் திறந்தும் பயனில்லை. கையால் பார்த்தாள். தொடை, முழங்கால், அதற்குக் கீழே மட்கார்டின் விளிம்பு கெண்டைக்காலைப் படிக்கட்டுத் தகட்டோடு சேர்த்துக் கவ்வியிருந்தது. சதை பிளந்து விரல் உள்ளே போனது. கடப்பாரையை மட்கார்டுக்கடியில் கொடுத்து நெம்பினாள். டிராக்டர் அசையவில்லை. மேலே வந்து மூச்சு வாங்கினாள். மறுபடி போனாள். மூன்று தரம். மூன்றாம் தரம் மேலே வந்தபோது தண்ணீர் அவன் கீழுதட்டில் இருந்தது. மோகன் கரையிலிருந்து இழுத்த இழுப்பில் தம்பி அலறினான்.

"இழுக்காதடா!" என்று கத்தினாள். பிறகு தம்பியைப் பார்த்தாள். "நேரா கீற வரைக்கும் கால் வராது. ஒடைக்கணும்."

"இன்னாத்த?"

"கால."

அவன் அவளையே பார்த்தான். ஒரு அலை வாய்க்குள் போயிற்று. துப்பினான். "பழி வாங்கறியா நீ."

"வாங்கணும்னா வூட்டுல அரிசி பொடைச்சினு குந்தி இருந்திருப்பேன். வாய மூடிகினு மூச்சப் புடி."

தண்ணீருக்குள் ஓங்கி அடித்தால் அடி இறங்காது என்பது அவளுக்குத் தெரியும். கடப்பாரையை முழங்காலுக்குக் கீழே, எலும்புக்கும் தகட்டுக்கும் இடையே செருகினாள். தோளைக் கொடுத்தாள். போதவில்லை. தாடையையும் இரும்பில் வைத்து, குழியின் சரிவில் காலை உதைத்து, உடம்பு மொத்தத்தையும் போட்டு அழுத்தினாள். அவன் நகம் அவள் முதுகில் கீறியது. ஒரு தரம் வழுக்கிற்று. இரண்டாம் தரம் எலும்பு போயிற்று. அந்தச் சத்தம் இரும்பு வழியாகத் தாடைக்கு ஏறி, செத்துப்போன இடது காதுக்குள் கேட்டது. பச்சை வேலிகாத்தானை முழங்காலில் வைத்து முறிப்பதுபோல.

உடைந்த இடத்தில் காலை மடக்கி, திருகி, உருவினாள். தண்ணீர் சூடானது. கயிற்றை ஆட்டினாள்.

கரையில் தூக்கிப் போட்டபோது அவனுக்கு நினைவு இல்லை. அவள் தன் சேலையைக் கிழித்துக் காலைக் கட்டினாள். நூத்தெட்டு வண்டி மறு கரையில்தான் வரும் என்பதால், ஊர் ஆண்கள் ஆறு பேர் கட்டிலில் போட்டு ஐந்து கிலோமீட்டர் சுற்றித் தூக்கிப்போனார்கள். செங்கல்பட்டுப் பெரியாஸ்பத்திரியில் அன்று ராத்திரியே ஆபரேஷன்.

திங்கட்கிழமை காலையில் ஏட்டு மோசஸ் பைக்கைச் சுற்றி ஓட்டிக்கொண்டு வந்தார். ஜோதிக்கு அன்றைக்கு வார விடுமுறை. ஏட்டு வாசலில் நின்றபடியே கேட்டார்.

"ஏம்மா, வேண்டாங்கறது நீதானா? உன் தம்பி கால கடப்பாரைல ஒடச்சது நீதானா?"

ஜோதி பாய்ந்து வெளியே வந்தாள். "யார் சார் சொன்னது?"

"அவரே சொல்லிக்கீறாரு. அடிபட்டு வந்தா எப்டி அடிபட்டுச்சின்னு டாக்டர் எழுதணும், அந்தச் சீட்டு ஸ்டேஷனுக்கு வரும். சொத்துத் தகராறு, அக்கா கடப்பாரையால அடிச்சாங்கன்னு சொல்லி ரேகை வச்சிட்டாரு."

ஜோதி வேலியருகே நின்ற மோகனைப் பார்த்தாள். மோகன் தலையைக் குனிந்துகொண்டான்.

"டிராக்டர் உள்ள கீதில்ல" என்று முனகினான். "ஓடைன்னு சொன்னா மணல் கேசு வரும். தண்ணி வடியறதுக்குள்ள செயின் போட்டு இழுத்துடலாம், ரெண்டு நாள் போதும், அது வரைக்கும் எதுனா சொல்லி வைப்போம்னு அண்ணன்தான்..."

"உசுரக் காப்பாத்துனவ மேல கேசா?" ஜோதி காலில் கிடந்த கல்லை எடுத்து மோகன்மேல் எறிந்தாள். அது வேலியில் பட்டது. இன்னொன்றை எடுத்தாள். "காத ஒடச்சப்ப எவன் வந்து எழுதுனான்? அப்ப எந்த டாக்டர் சீட்டு அனுப்புனான்?"

"ஜோதி, கல்ல கீழ போடு" என்றாள் வேண்டா. முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆமா சார். நான்தான் ஒடச்சேன்."

ஏட்டு பேனாவை எடுத்தார். இவ்வளவு சுலபமாக முடியும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"எந்த எடத்துல ஒடச்சேன்னு காட்றேன், வாங்க. ஷூவ கழட்டிடுங்க."

"எதுக்கு?"

"எடம் தண்ணில கீது."

அவர் யோசித்தார். ஷூவைக் கழற்றி, பேண்டை முழங்காலுக்கு மேல் சுருட்டினார். வேண்டா கடப்பாரையை எடுத்துக்கொண்டு முன்னே நடந்தாள். சனிக்கிழமை அவள் வெட்டிவந்து சுவரில் சாத்தி வைத்திருந்த பதினோரு கொம்புகளை ஜோதி தோளில் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள்.

தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியிருந்தது. தெளிந்தும் இருந்தது. ஆனால் மணல் எங்கும் ஒரே மட்டமாகத் தெரிந்தது. "நான் கால் வச்ச எடத்துல வைங்க சார். ஒரு அடி இந்தாண்ட போனாலும் உங்கள நான் தேடணும்" என்றாள். ஏட்டு சிரிக்கப் பார்த்தார். அவள் கடப்பாரையைத் தன் வலப்பக்கம் ஒரு சாண் தள்ளி இறக்கினாள். ஆறடி இரும்பு கைப்பிடிவரை உள்ளே போய் மறைந்தது. ஏட்டு அதன் பிறகு சிரிக்கவில்லை.

ஏழாவது குழியில் டிராக்டரின் புகைக்குழாய் தண்ணீருக்கு மேலே ஒரு முழம் நீட்டிக்கொண்டு நின்றது. பக்கச் சக்கரத்தில் கோரை சுற்றியிருந்தது.

"இதுலதான் ஒடச்சேன். போன வருஷம் திருவேங்கடமும் இதுலதான். நீங்க கால் தவறின்னு எழுதிகினு போனீங்க."

ஏட்டு புகைக்குழாயைப் பார்த்தார். "இந்தக் குழிய வெட்னது யாரு?"

ஜோதியின் தோளில் கொம்புகள் ஒன்றோடொன்று உரசின.

"நான்."

"ஏம்மா, தெரிஞ்சிதான் பேசறியா? இத்த எழுதுனா உன் பேரும் வரும்."

"பதினொண்ணும் நான்தான் சார். வண்டி அவன்து. வெட்னது நானு. ரெண்டு பேரையும் எழுதிக்கோங்க."

ஜோதியின் இடுப்பில் போன் அடித்தது. பார்த்துவிட்டு அம்மாவின் வலது காதில் வைத்தாள். ஜெகதீசன்.

"யக்கா, ஏட்டு வந்துகீறானாமே. ஓடைக்கா இட்டுகினு போன? என்ன மாட்டி வுட்டியா?"

"என்னயும் சேத்துதான்டா."

ஆஸ்பத்திரியில் யாரோ இருமும் சத்தம் கேட்டது. பிறகு கேட்டான், "உன் காது எப்டி கீது?"

பதிமூன்று நாளில் அவன் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அந்தப் பக்கம் ஒண்ணும் கேக்காது" என்றாள். "கால அசைக்காம படு." போனை மகளிடம் கொடுத்துவிட்டாள்.

ஏட்டு மோசஸ் நோட்டைப் பையிலிருந்து எடுத்தார். தண்ணீரில் நின்றபடி எப்படி எழுதுவது என்று இடம் தேடினார்.

"எழுதலாம் சார், எங்க போவப் போவுது" என்றாள் வேண்டா. ஜோதியின் தோளிலிருந்து ஒரு கொம்பை உருவி அவரிடம் நீட்டினாள். "மொதல்ல இத்தக் கொஞ்சம் நேராப் புடிங்க. காலைல அஞ்சே முக்கால் பஸ்ஸுக்கு எம்பொண்ணு போவணும்."

ஏட்டு நோட்டை வாயில் கவ்விக்கொண்டு இரண்டு கையாலும் கொம்பைப் பிடித்தார். அவள் கடப்பாரையைத் தலைக்கு மேல் ஓங்கிக் குழியின் விளிம்பில் இறக்கினாள்.